ஆறாவது ஆள்

நீல மலைகளுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு நகரத்தில் மகளை விட்டுவிட்டு நானும் கணவரும் சிட்னிப் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் மருத்துவம் படிக்கிறாள். அந்தக் கல்விப் பருவம் முழுவதும் அங்குள்ள மருத்துவமனையில் பயிற்சி. முதல் நாள் பின்னேரம் அவளுடைய அறைக்குக் குசினிச் சாமான்கள், அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் கொண்டுபோய் அடுக்கிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் விடைபெறும்போது அவள் எங்களைவிட அவசரத்தில் இருந்தாள். "ஓகே, டிரைவ் சேஃப்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அழுவதற்கென்று நான் எடுத்து வைத்திருந்த கைக்குட்டை மடிப்புக் குலையாமல் பையிலேயே இருந்தது.

கோடை முடிகிற காலம். இரண்டு பக்கமும் புல்வெளிகள் வைக்கோல் நிறத்தில் வெளிறிக் கிடந்தன. சாலையோரம் நெட்டையான பொப்லார் மரங்கள் வரிசையாக நின்றன. இங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் மாதிரி இருக்கட்டும் என்று நட்டவை. ஒரு வளைவு திரும்பியதும் அந்த மரங்களுக்கு மேலாக ஒரு கல் தேவாலயம் தெரிந்தது. அதன் கோபுரம் கூரை மட்டத்துக்குச் சற்று மேலே வந்து சட்டென்று முடிந்திருந்தது. இடிந்ததுபோல் இல்லை. கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போய்த் திரும்பி வராததுபோல் இருந்தது.

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ," என்றேன்.

"இஞ்சரும், வெள்ளெனப் போனால்தான் மலையில நெரிசல் இல்லாமல் இறங்கலாம்."

"பாத்திட்டு உடன வாறன்."

அவர் பெருமூச்சு விட்டுக் காரை ஒரு எல்ம் மரத்தின் கீழே நிறுத்தினார். "போட்டு வாரும். நான் இதுக்குள்ளயே இருக்கிறன்."

எனக்கு இந்தப் பழக்கம் பல காலமாக உண்டு. நாங்கள் சைவர்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் நான் படித்தது மிஷன் பாடசாலையில். காலை ஆராதனைக்கு எல்லாப் பிள்ளைகளும் போகவேண்டும், விபூதி பூசிய பிள்ளைகளும்தான். பிரசங்கம் எனக்குக் காதில் ஏறியதில்லை. அந்த நேரம் முழுவதும் தலையை நிமிர்த்திக் கூரை மரங்களையும் யன்னல் கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு வேலையும் பார்ப்பதாகவே அமைந்தது. ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து இரத்தத் துளிகளைப் பார்க்கிறேன். ஒரு கட்டடத்துக்குள் போனால் கும்பிடத் தோன்றுவதற்கு முன் எனக்கு அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றும்.

நாட்டுப்புறத் தேவாலயங்கள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். இந்தக் கதவு திறந்திருந்தது.

உள்ளே குளிர்ச்சி. மெழுகு, பழைய தாள், எலிப் புழுக்கை எல்லாம் கலந்த ஒரு வாசம். சுவர்கள் தேன் நிற மணற்கல். ஒவ்வொரு கல்லிலும் உளி பட்ட கோடுகள் சாய்வாக இருந்தன. ஒரு வரிசைக் கற்களில் மட்டும் கோடுகள் மறுபக்கம் சாய்ந்திருந்தன. அந்த வரிசையைக் கொத்தியவர் இடக்கைக்காரராக இருந்திருக்கலாம். கூரையின் மரச்சட்டங்கள் கவிழ்த்த படகின் உட்புறம்போல் வளைந்து சந்தித்தன. உட்காரும் வாங்குகளின் ஓரத்தில் குடை செருகுவதற்கு இரும்பு வளையமும், கீழே நீர் வடிவதற்குத் தகரத் தட்டும் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் மழையை நினைத்து வைத்தவை. தட்டுகளில் விட்டில்கள் செத்துக் காய்ந்து கிடந்தன.

கிழக்கு யன்னலின் வண்ணக் கண்ணாடியில் நல்ல மேய்ப்பராக இயேசு. தோளில் ஆட்டுக்குட்டி. அவருக்குப் பின்னால் ஒரு யூக்கலிப்டஸ் மரம் வரையும்படி இங்கிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் போலும். கண்ணாடி செய்த இங்கிலாந்துக்காரர் அந்த மரத்தைக் கண்டதில்லை. தடித்த ஓக் மரத்தின் அடிக்கட்டையில் வாடித் தொங்கும் நீட்டு இலைகளை ஒட்டி வைத்திருந்தார். அது உலகத்தில் எங்குமே முளைக்காத மரம். அதைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன்.

வாங்குகளின் கீழே முழந்தாளிடுவதற்கான சின்ன மெத்தைகள் இருந்தன. ஒவ்வொன்றின் உறையும் கம்பளி நூலால் கையால் பின்னப்பட்டது. சிலுவை, லில்லிப்பூ, புறா, மறுபடி சிலுவை. முன்வரிசையில் ஒன்றில் மட்டும் ஒரு சிவப்பு டிராக்டர். சக்கரத்தின் கம்பிகள்கூடச் சரியாக வந்திருந்தன. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு குரல் கேட்டது.

"நீங்கள் அவருக்காக வந்திருக்கிறீர்களா?"

பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு முதிய பெண் நின்றிருந்தார். கடும்நீலக் கம்பளி மேற்சட்டை அணிந்திருந்தார். கையில் கத்தரிக்கோல், காலடியில் வாளி நிறைய ஹைட்ரேஞ்சியாப் பூக்கள்.

"இல்லை. கட்டடத்தைப் பார்க்க வந்தேன். யாருக்காக?"

"இன்றைக்கு இங்கே ஓர் அடக்கம் இருக்கிறது. பரவாயில்லை, பாருங்கள். அவர் இருந்திருந்தால் உங்களைப் பிடித்து உட்காரவைத்து முழுக் கதையும் சொல்லியிருப்பார்."

இறந்தவர் அடுத்த பண்ணையில் தனியாக வாழ்ந்த ஒரு பெண் என்று அவர் சொன்னார். நல்ல வயது. பாடசாலைப் பேருந்தை ஓட்டியவர். கல்யாணம் செய்யவில்லை. கூடப் பிறந்தவர்களும் தோழிகளும் முன்னரே போய்விட்டார்கள். அதனால் இன்றைக்குக் கூட்டம் அதிகம் இராது.

எங்கோ சன்னமான ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. மின்விசிறியாக்கும் என்று நினைத்தேன். அவர் நான் தலையைத் திருப்புவதைக் கவனித்தார்.

"தேனீக்கள். அந்தச் சுவருக்குள் இருக்கின்றன. கூட்டை எடுக்க ஆள் வந்தபோது, இன்றைக்கு அடக்கம் செய்யப்படுகிறவர்தான் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்தவன் திரும்பிப் போய்விட்டான்."

நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மரணச் சடங்கு நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்ப்பது சரியாகப் படவில்லை. அதற்குள் பிரேத வண்டி வந்து கூரை போட்ட மரவாயிலுக்கு வெளியே நின்றிருந்தது. வாயில் ஒடுக்கம், வண்டி உள்ளே வராது. கறுப்பு உடுப்புப் போட்ட இரண்டு ஆண்கள் பெட்டியைச் சக்கரத் தட்டில் இறக்கினார்கள். சாதாரண மரப்பெட்டி. அதன்மேல் பூவுக்குப் பதிலாக ஒரு வைக்கோல் தொப்பி.

எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் குருவானவர் நின்று என் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கிக்குக் கீழே பண்ணைச் சப்பாத்து தெரிந்தது. என் கணவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி இல்லையென்று தலையாட்டுவதைத் தூரத்திலிருந்தே கண்டேன். அருகில் போனபோது விஷயம் விளங்கியது. குழி தேவாலயத்துக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது. முழுவதும் கல்லும் முயல் வளையும். சக்கரத் தட்டு அங்கே போகாது. பெட்டியைக் கையில்தான் தூக்கவேண்டும். அதற்கு ஆறு பேர் தேவை. இறந்தவருக்குச் சகோதரன் மகனான மருமகன் ஒருவர் பிரிஸ்பனிலிருந்து காரில் வந்துவிட்டார். விமானத்தில் வரவிருந்த அவருடைய மகனுக்கு விமானம் ரத்தாகிவிட்டது. ஆகவே வண்டிக்காரர் இருவரையும் ஊரவர் இருவரையும் சேர்த்தும் ஓர் ஆள் குறைகிறது. வந்திருக்கும் மற்றவர்களுக்குத் தங்களையே தூக்கி நடப்பது பெரும்பாடு.

"மன்னிக்கவேண்டும். எனக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது," என்று என் கணவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அது உண்மைதான். வீட்டில் அரிசி மூட்டையை நான்தான் இறக்குகிறேன்.

குருவானவர் என்னைப் பார்த்தார். "உங்களால் முடியுமா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் "முடியும்" என்றேன்.

அவர் வாயில் பக்கம் போனதும் கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"உமக்கென்ன விசரே? ஆரெண்டே தெரியாது."

"தெரியாட்டி என்ன? தூக்க ஆளில்லையாம்."

"பொம்பிளையள் தூக்கிறதே?"

"அவ கேட்டவ. நான் ஓமெண்டிட்டன்."

"நாளைக்குக் கோயிலில பிள்ளையின்ர பேரில அருச்சனை இருக்கு."

"வீட்ட போய் முழுகினால் சரி. சொந்தக்காரருக்குத்தானேப்பா துடக்கு."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். செத்தவீட்டுத் தீட்டு முறைப்படி அது சரிதான் என்று அவருக்குத் தெரியும். "அப்ப நானும் வந்து இருக்கிறன்," என்று காரைப் பூட்டினார்.

என் அப்பா இறந்தபோது நான் சிட்னியிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன். பெட்டி வீட்டை விட்டுப் போனபோது பெண்கள் எல்லோரும் வாசல் படலைவரைதான் போனோம். அண்ணாவும் மச்சான்மாரும் தூக்கினார்கள். பறைச்சத்தம் சந்தி திரும்பி மங்கும்வரை நின்றுவிட்டு, திரும்பி வந்து வீடு கழுவினோம். அப்போது எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. அதுதான் வழக்கம், நானும் வாளியும் தும்புத்தடியும் எடுத்தேன். குருவானவர் கேட்டபோது அப்பாவை நினைத்துத்தான் ஓம் சொன்னேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கேட்டார், என் கைகளில் பலம் இருந்தது, சொன்னேன். அப்பாவின் நினைவு வந்தது அதற்குப் பிறகு, வாங்கில் உட்கார்ந்திருந்தபோது.

நான் அணிந்திருந்தது செம்மஞ்சள் நிறக் குர்த்தா. பூ வைத்த பெண் தன் நீல மேற்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். அதில் ஆட்டு மயிர் வாசம் அடித்தது. தூக்குபவர்கள் முன்வரிசையில் இருக்கவேண்டும் என்று சொன்னதால், கொஞ்சம் முன் நான் வேடிக்கை பார்த்த டிராக்டர் மெத்தைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கணவர் கடைசி வாங்கில், வாசலுக்குப் பக்கத்தில்.

ஆராதனை நீளமாக இல்லை. பாட்டு தொடங்கியபோது ஓகன் வாத்தியத்தின் ஒரு கட்டை ஒவ்வொரு முறையும் காற்று மட்டும் விட்டது. மெட்டு எனக்குத் தெரிந்த மெட்டு. பாடசாலையில் தமிழ்ச் சொற்களோடு பாடியது. வாய் தானாகத் தமிழில் முணுமுணுத்தது. பக்கத்திலிருந்த மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் குரலைக் கூட்டினார்.

அவர் எழுந்து பேசியபோது தாள் எதுவும் வைத்திருக்கவில்லை. பெரிய, வெயில் பட்டுச் சிவந்த மனிதர்.

"அத்தை லேசான ஆள் இல்லை," என்றார். "இந்த ஊரில் அவரோடு சண்டை போடாதவர்கள் இருந்தால் கை தூக்குங்கள்."

ஒருவரும் தூக்கவில்லை. சில தலைகள் குலுங்கின.

"எங்கள் அம்மா செத்த பிறகு பாடசாலை விடுமுறைகளில் என்னை இங்கே அனுப்பினார்கள். அவர் என்னை ஒருநாளும் கட்டிப்பிடித்ததில்லை. ஆனால் நான் படுக்கிற அறையின் விளக்கு எரிகிறவரை, அவர் வெளியே விறாந்தையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியட்டும் என்று சத்தமாக இருமுவார்." அவர் நிறுத்தி, முன்வரிசையைக் காட்டினார். "அந்த டிராக்டர் அப்போது பின்னியதுதான். எல்லோரும் சிலுவைதான் பின்னவேண்டும் என்று சொன்னார்களாம். நான் டிராக்டர் கேட்டேன்."

எனக்கு அதன்மேல் காலை வைக்க மனம் வரவில்லை. கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பிறகு எங்களை எழுப்பினார்கள். மரணச் சடங்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் இடம் சொல்லித் தந்தார். உயரம் ஒத்து வராததால் தோளில் வைக்கவில்லை. கைப்பிடியில் பிடித்து இடுப்பு உயரத்தில் கொண்டுபோகலாம் என்றார். குள்ளமான என்னை முன்னுக்கு விட்டார். சரிவில் இறங்கும்போது முன்னால் போகிறவருக்குத்தான் பாரம் வரும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு எதிர்ப்பக்கம் மருமகன். எனக்குப் பின்னால், ஆராதனைக்கு முன் பாட்டு எண்களைப் பலகையில் செருகிய ஒரு முதியவர். இடுப்பு எலும்பு மாற்றியவர். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது.

"மெதுவாக," என்றார் மருமகன். "அத்தைக்கு அவசரம் பிடிக்காது."

வாசல் தாண்டியதும் வெளிச்சத்தில் கண் கூசியது. பெட்டி நான் நினைத்ததைவிடப் பாரம் குறைவு. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு முழு மனுசி இவ்வளவுதானா என்று. சுவர் முடிந்து சரிவு தொடங்கியதும் பாரம் முன்னுக்குச் சரிந்து என் கைக்கு வந்தது. என் செருப்புக்கு அடியில் சரளை உருண்டது. இடக்கால் ஒரு முயல் வளைக்குள் இறங்க, நான் முழங்கால் மடங்கி ஒரு பக்கம் சாய்ந்தேன்.

"பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொண்டேன்," என்றார் மருமகன் எதிர்ப்பக்கத்திலிருந்து. எல்லோரும் நின்றார்கள்.

அப்போது பின்னாலிருந்து என் கணவரின் குரல் தமிழில் வந்தது. "செருப்பைக் கழட்டும்! வெறுங்காலோட நடவும்!"

கழற்றினேன். கையை விட முடியாது; காலாலேயே உதறினேன். சூடான புல்லும் கல்லும் உள்ளங்காலில் குத்தின, ஆனால் வழுக்கவில்லை. அப்படியே இறங்கினோம். என் கணவர் என் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலத்தின் கடைசியில் வந்தார். பிறகு எனக்கு அந்தக் காட்சிதான் அதிகம் நினைவில் நின்றது: நீலச் சட்டை போட்ட என் மனுசன், பெண்கள் செருப்பு ஒரு சோடியை இரு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்தி, பூசைப்பொருள் கொண்டு வருகிறவர்போல் நடந்து வந்தது.

குழிக்குக் குறுக்கே கட்டியிருந்த வார்களின் மேல் பெட்டியை வைத்தோம். கைப்பிடியிலிருந்து விரல்களை உடனே நிமிர்த்த முடியவில்லை. தொப்பியை மருமகன் எடுத்தார். கொஞ்ச நேரம் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, பிறகு தன் தலையில் போட்டுக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. குருவானவர் ஜெபம் சொல்ல, பெட்டி குழிக்குள் இறங்கியதும் நாங்கள் ஒவ்வொருவராக மண் போட்டோம். மழை இல்லாத மண், பிஸ்கற் மாதிரிக் கட்டியாக இருந்தது. மரத்தில் பட்டபோது சத்தம் பலமாகக் கேட்டது. என் கணவரும் செருப்புகளைப் புல்லில் வைத்துவிட்டு வந்து ஒரு பிடி போட்டார். உதடு அசைந்தது. தேவாரமோ என்னவோ, நான் கேட்கவில்லை.

பிறகு பக்கத்து மண்டபத்தில் தேநீர். நான் மேற்சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். பூ வைத்த பெண் என் கையைப் பிடித்துப் பார்த்து, கைப்பிடி பதிந்திருந்த சிவந்த கோட்டில் பெருவிரலை ஓட்டிவிட்டு விட்டார். மேசையில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன், கிரீம், ஜாம். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மரக்கறி என்பதால், என் கணவர் இறைச்சி வைத்த தட்டுகளைக் கவனமாக விலக்கி, ஸ்கோன் தட்டுக்குப் பக்கத்தில் நிலையாக நின்றுகொண்டார். அங்கே மருமகனும் வந்து சேர, இருவருக்கும் முதுகுவலி பற்றிப் பேச்சு பிடித்துக்கொண்டது. எந்த வைத்தியர், என்ன மெத்தை, ஊசி நல்லதா கூடாதா என்று. என்னைவிட என் கணவர்தான் செத்தவீட்டு ஆள்போல இருந்தார்.

"எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று இடுப்பு மாற்றிய முதியவர் என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் இரண்டு விடை வைத்திருப்பேன். "குவேக்கர்ஸ் ஹில்," என்றேன்.

"அடேயப்பா, அவ்வளவு தூரமா!" என்றார். உண்மையாகவே வியந்தார். அவருக்குச் சிட்னிதான் தூர தேசம்.

புறப்படும்போது மருமகன் கார்வரை வந்தார். இன்னும் அந்தத் தொப்பியோடுதான் இருந்தார். என் கையைக் குலுக்கினார். பிறகு என் கணவரைப் பார்த்து, "அந்த நீட்டல் பயிற்சியை மறக்காமல் செய்யுங்கள்," என்றார்.

மலை இறங்கும்போது நல்ல நெரிசல். கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்த மனுசன் பாவம்," என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போய், "காலில முள்ளு கிள்ளுக் குத்தினதே?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் என்னை முன்கதவால் விடாமல், பின்பக்கம் சுற்றிக் கூட்டிப்போய், நேரே குளியலறைக்கு அனுப்பினார். தானும் முழுகினார். மறுநாள் கோயிலில், அருச்சனை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தெரிந்த அன்ரி ஒருவரிடம் அவரே கதையைத் தொடங்கினார். அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்து, "பொம்பிளைப்பிள்ளை செய்யிற வேலையே அது?" என்றார். "தூக்க ஆளில்லை அன்ரி. நல்லாத்தான் தூக்கினவ," என்று என் கணவர் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அம்மா, யூ டிட் வாட்?" என்று மூன்று முறை கேட்டாள்.

பருவம் முடிந்து அவளை அழைத்துவரப் போனபோது குளிர்காலம். அவளே அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். தேவாலயம் பூட்டியிருந்தது. நாங்கள் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் இறங்கினோம். குழிமேட்டில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது; கல் இன்னும் நடவில்லை. அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பழைய கற்களுக்குப் போனாள். ஒரே குடும்பத்தின் பிள்ளைகள், ஒரே குளிர்காலத்தில், ஒருவர்பின் ஒருவராக இறந்திருந்தார்கள்.

"டிப்தீரியாவா இருக்கும்," என்றாள் தமிழில். விரலால் பாசியைச் சுரண்டி அடுத்த பெயரை வாசித்தாள். மழை தூறத் தொடங்கியது. மேலே சாலையில் கணவர் ஹோர்ன் அடித்தார். அவள் இன்னும் இரண்டு கற்களை வாசித்த பிறகுதான் நாங்கள் ஏறினோம்.